கறுப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது?

கேள்வி: எங்கள் ஊர் படிப்பகத்துக்கு ஒரு புரொஜெக்டர் வாங்க முடிவு செய்திருக்கிறோம். ஊர்க்காரர்களிடமும், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமும் வசூலித்த பணம். பொருளாளர் நான்தான். ஞாயிறு மாலை பிள்ளைகளுக்குப் பாடப் படங்கள், இரவு பெரியவர்களுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் என்று திட்டம். மூன்று கொட்டேஷன் கையில் இருக்கின்றன. முதலாவது 3எல்சிடி வகை, 3,600 லூமன், கான்ட்ராஸ்ட் 16,000:1. இரண்டாவது டிஎல்பி வகை, அதே 3,600 லூமன், 30,000:1. மூன்றாவது ஆன்லைனில் வரும் எல்இடி புரொஜெக்டர். 9,500 லூமன், 20,00,000:1 என்று போட்டிருக்கிறது. விலை மற்றவற்றில் நாலில் ஒரு பங்குதான். செயலாளர் மூன்றாவதே போதும் என்கிறார். இதற்கிடையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து புரொஜெக்டர் இரவல் வாங்கி, 120 அங்குலத் திரையில் ‘அந்த நாள்’ போட்டுப் பார்த்தோம். இருட்டுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் பூசியது போல இருந்தன. பல்பு போய்விட்டது என்றார் ஒருவர். கான்ட்ராஸ்ட் குறைவான மெஷின் என்றார் இன்னொருவர். நாங்கள் வாங்குவதும் இப்படியே அமைந்துவிட்டால், ஊர்ப் பணத்தை வீணடித்தவன் என்ற பெயர் எனக்கு வந்துவிடும். இந்த எண்களில் எதை நம்புவது?

– செ.வ., அறந்தாங்கி

பதில்: அன்புள்ள செ.வ. அவர்களுக்கு,

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் இரவல் வாங்கிய புரொஜெக்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பல்பு தேய்ந்தால் படம் முழுவதும் மங்கும். கறுப்பு மட்டும் வெளுக்காது. கறுப்பு சாம்பலாகத் தெரிந்ததற்குக் காரணம் உங்கள் கூடத்தில் இருந்த வெளிச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை நீங்களே ஓர் அட்டையை வைத்துச் சோதித்துவிடலாம், எப்படி என்று கீழே எழுதுகிறேன். பணத்தைப் பற்றிய உங்கள் பயமும் நியாயமானது. பிறர் கொடுத்த பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் 16,000, 30,000, 20 லட்சம் என்ற இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அவை ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

கான்ட்ராஸ்ட் ரேஷியோ (திரையில் விழும் மிக வெளிச்சமான வெள்ளை, மிக இருண்ட கறுப்பைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) என்பது எளிமையான விஷயம். வெள்ளை 1,000 பங்கு, கறுப்பு 1 பங்கு என்றால் 1,000:1. கறுப்பு அரைப் பங்காக இறங்கினால் அதுவே 2,000:1 ஆகிவிடும். வெள்ளை கொஞ்சமும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழே இருக்கும் சின்ன எண் இன்னும் சின்னதாகும்போது விகிதம் தாவித் தாவி ஏறுகிறது. பெரிய பெரிய எண்கள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

இனி கறுப்பைப் பற்றி. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. அதனால் முடிந்ததெல்லாம், கறுப்பு இருக்க வேண்டிய இடத்துக்கு ஒளியை அனுப்பாமல் தடுப்பதுதான். தடுத்த பிறகு அந்த இடத்தில் மிஞ்சுவது உங்கள் திரைத்துணியின் நிறம், அந்த நேரத்தில் அந்தக் கூடத்தில் இருக்கும் வெளிச்சத்தில் எப்படித் தெரியுமோ அப்படி. டியூப் லைட் எரியும்போது வெள்ளைத் திரை வெள்ளையாகத் தெரிகிறது என்றால், படத்தில் வரும் கறுப்புக் கோட்டும் இருட்டுத் தெருவும் அதைவிடக் கறுப்பாகத் தெரிய வழியே இல்லை. பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளை விழுவதால் நம் கண் அதைக் கறுப்பு என்று ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். பழைய டயனோரா, சாலிடேர் டிவிகளை நினைத்துப் பாருங்கள். அணைத்து வைத்திருக்கும்போது அந்தக் கண்ணாடி பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். டிவியைப் போட்டதும் நடிகையின் தலைமுடி கறுகறுவென்று தெரியும். அந்தக் கூந்தலின் கறுப்பு, அணைத்த கண்ணாடியின் அதே சாம்பல்தான்.

நீங்கள் படம் போட்டபோது விளக்கு எரிந்ததா என்று கடிதத்தில் எழுதவில்லை. படிப்பகம் என்றால் ஆட்கள் வந்து போக ஒரு விளக்கையாவது போட்டு வைத்திருப்பீர்கள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலையும் இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் அட்டைச் சோதனையை இப்படிச் செய்யுங்கள். அதே கூடத்தில், படம் போட்ட அதே நேரத்தில், அன்றைக்கு எப்படி இருந்ததோ அதே விளக்குகளோடு புரொஜெக்டரைப் போடுங்கள். லேப்டாப்பிலிருந்து முழுக் கறுப்பான ஒரு ஸ்லைடைத் திரைக்கு அனுப்புங்கள். ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இன்னொருவர் லென்ஸுக்கு ஓர் அடி முன்னால் தடித்த அட்டையைப் பிடித்து, இரண்டு மூன்று விநாடி ஒளியை மறைத்துவிட்டு எடுக்கட்டும். (அட்டையை லென்ஸோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள், சூட்டில் கருகும். லென்ஸுக்குள் கண்ணை வைத்து யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது.) அட்டை மறைக்கும்போது திரை சட்டென்று இருண்டால், அந்த வித்தியாசம் புரொஜெக்டர் கசியவிடும் ஒளி. மறைத்தாலும் எடுத்தாலும் திரை ஏறக்குறைய ஒரே சாம்பலாக இருந்தால், அந்தச் சாம்பல் கூடத்தின் வெளிச்சம். இருபது லட்சம் போட்ட மெஷின் வந்தாலும் அதை நீக்க முடியாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். நீங்கள் பொருளாளர், கணக்கு உங்களுக்குப் பழக்கம்தான். 120 அங்குல அகலத்திரை ஏறக்குறைய 4 சதுர மீட்டர். 3,600 லூமன் (புரொஜெக்டர் மொத்தமாக வெளிவிடும் ஒளியின் அளவு) அதில் பரவினால் வெள்ளை விழும் இடத்தில் 900 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) கிடைக்கும். 16,000:1 என்பது உண்மை என்றே வைத்துக்கொண்டால், கறுப்பு விழும் இடத்தில் 0.06 லக்ஸ் கூட இல்லை. அபாரமான கறுப்பு! இப்போது கூடத்தில் ஒரு டியூப் லைட் எரிகிறது, அதிலிருந்து திரையில் 50 லக்ஸ் விழுகிறது என்று கொள்வோம். அந்த 50 வெள்ளையிலும் சேரும், கறுப்பிலும் சேரும். வெள்ளை 950 ஆகிறது, கறுப்பு 50 சொச்சம். விகிதம் 19:1. இருபது லட்சம் என்று போட்ட மெஷினுக்கும், லூமன் அதே 3,600 என்று வைத்து, இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 19:1 தான் வரும். வெறும் 500:1 தரும் சாதாரண மெஷினுக்குப் போட்டாலும் 18:1 க்கு மேல் வருகிறது. டியூப் லைட்டின் கீழே மூன்று மெஷினும் ஒன்றுதான்.

அந்த டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கால் திரையில் 1 லக்ஸ் மட்டும் விழுகிறது என்போம். இப்போது 500:1 மெஷின் ஏறக்குறைய 320:1 தரும். 16,000:1 மெஷின் 850:1 தரும். இருபது லட்சம் மெஷின் 900:1 தரும். பதினாறாயிரத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவில் உண்மையில் மிஞ்சும் வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் ஒரு ஸ்விட்சை அணைத்ததால் 19 எங்கே, 850 எங்கே! உங்கள் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

நிஜத்தில் அந்த 850 கூட முழுதாகக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் விழும் ஒளி அங்கேயே நின்றுவிடுவதில்லை. வெள்ளையடித்த சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, படத்தின் இருட்டான பகுதிகள் மேல் விழுகிறது. வானம் பளிச்சென்று தெரியும் காட்சியில் கீழே நிற்கும் மாட்டு வண்டி வெளுத்துப் போவது இதனால்தான். வெளிச்சம் வெளியிலிருந்து வரவே வேண்டாம், படமே தன் கறுப்பைக் கெடுத்துக்கொள்கிறது. தியேட்டர்களில் சுவரும் கூரையும் கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு என்று இருப்பதற்கும், திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுவதற்கும் இதுதான் காரணம்.

அப்படியானால் பதினாறாயிரமும் இருபது லட்சமும் எங்கிருந்து வருகின்றன? அளக்கும் முறையில் இருக்கிறது சூட்சுமம். முதல் முறையில் திரை முழுவதும் வெள்ளையைப் போட்டு அளக்கிறார்கள், பிறகு திரை முழுவதும் கறுப்பைப் போட்டு அளக்கிறார்கள். இதற்கு ஃபுல் ஆன்-ஆஃப் (முழு வெள்ளை, முழுக் கறுப்பு தனித்தனியாக) என்று பெயர். இதைப் புரொஜெக்டருக்குள் எந்தத் தந்திரமும் இல்லாமல் அளந்தால் கிடைப்பது நேட்டிவ் கான்ட்ராஸ்ட் (மெஷினின் இயல்பான திறன்). அது நேர்மையான எண். ஆனால் பெரும்பாலான விளம்பரத் தாள்களில் இருப்பது டைனமிக் கான்ட்ராஸ்ட் (காட்சிக்கு ஏற்றபடி விளக்கையே ஏற்றி இறக்கிப் பெறும் எண்). முழுக் கறுப்பு வந்ததும் ஐரிஸ் (ஒளி வரும் வழியைக் குறுக்கும் இதழ்) மூடிக்கொள்கிறது, அல்லது பல்பு மங்குகிறது. லேசர், எல்இடி வகைகளில் ஒளியையே அணைத்துவிடலாம். அணைந்த விளக்கை அளந்தால் கறுப்பு ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணால் வகுத்தால் எத்தனை லட்சம் வேண்டுமானாலும் வரும். சில நிறுவனங்கள் முடிவிலி என்றே அச்சிடுவதும் உண்டு.

இதனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு காட்சி முடிந்து திரை முழுக்க இருண்டு அடுத்த காட்சி வரும்போது அது நன்றாக வேலை செய்யும். ஆனால் இருண்ட தெருவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம் எரியும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தெரு கறுப்பாக வேண்டும் என்று ஐரிஸ் மூடினால் கம்பத்து விளக்கும் சேர்ந்து மங்கிவிடும். விளக்கு பளிச்சென்று வேண்டும் என்று திறந்தால் தெரு வெளுக்கும். ஒரே சட்டகத்தில் இரண்டும் சேர்ந்து வரும்போது டைனமிக் எண் கைகொடுக்காது. அதற்காகத்தான் இன்னொரு முறை இருக்கிறது, ஆன்சி கான்ட்ராஸ்ட் (சதுரங்கப் பலகை போல 16 கட்டம் போட்டு, 8 வெள்ளையையும் 8 கறுப்பையும் ஒரே நேரத்தில் அளப்பது). இதில் விளக்கை ஏற்றி இறக்கி ஏமாற்ற முடியாது. எண்ணும் சின்னதாகத்தான் வரும், சில நூறு. அதனாலேயே விளம்பரத் தாளில் இதை அச்சிட யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை.

சின்ன எண் என்றதும் மனம் சுணங்க வேண்டாம். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ என்ற கூட்டமைப்பு 2005இல் டிஜிட்டல் சினிமாவுக்கான அளவுகளை வெளியிட்டது. அதில் வெள்ளையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் உள்ள விகிதம் 2,000:1, தியேட்டரில் அது 1,200:1 வரை இறங்கலாம். கட்டம் போட்டு அளக்கும்போது 150:1, குறைந்தது 100:1. டிஜிட்டல் தியேட்டர்களுக்கு உலகம் முழுவதும் அடிப்படையாக இருப்பது இந்த அளவுகள்தான். இவற்றுக்கு உட்பட்ட தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்க்கும் யாருக்கும் கறுப்பு சாம்பலாக இருக்கிறது என்ற குறை வருவதில்லை. அங்கே இருட்டு இருக்கிறது, சுவர் இருண்டிருக்கிறது, நம் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வரும் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். உங்கள் படிப்பகத்தில் இடைவேளையில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உடனே படத்தைத் தொடங்கினால், முதல் சில நிமிடம் இருட்டுக் காட்சிகள் சரியாகப் பிடிபடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையாகவே பெரிய கான்ட்ராஸ்ட் தரும் புரொஜெக்டர்களும் இருக்கின்றன. எல்காஸ் (கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் சிலிக்கான் தகட்டின் மேல் திரவப் படிகம் அமைந்த வகை) என்பது அந்த இனம். ஜேவிசி நிறுவனம் தன் டிஎல்ஏ-என்எக்ஸ்7 என்ற மாடலுக்கு நேட்டிவ் 80,000:1 என்றும் டைனமிக் 8,00,000:1 என்றும் அறிவித்தது. ஒரே மெஷினுக்கு ஒன்றுக்குப் பத்தாக இரண்டு எண்கள்! நேட்டிவ் எண்ணோடு இன்னொரு மெஷினின் டைனமிக் எண்ணை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் அவை சுவர், கூரை எல்லாம் கறுப்படித்து, வீட்டுக்குள்ளேயே தியேட்டர் கட்டுகிறவர்களுக்கானவை, விலை லட்சக்கணக்கில். உங்கள் கூடத்துக்கு அவை வேண்டாம். உங்கள் விலையில் வரும் அலுவலக, வகுப்பறை வகை மெஷின்களை டைனமிக் அம்சத்தை அணைத்து இருட்டறையில் அளந்தால், பெரும்பாலும் சில நூறிலிருந்து இரண்டாயிரம் சொச்சத்துக்குள்தான் நிற்கும். தாளில் ஒன்றுக்கு 16,000, இன்னொன்றுக்கு 30,000 என்று இருப்பதை வைத்து இரண்டாவது இரண்டு மடங்கு உயர்ந்தது என்று முடிவு செய்யாதீர்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வித்தியாசங்கள் இருக்கின்றன, உங்களுக்கு அவைதான் முக்கியம். டிஎல்பி வகையில் நகத்தளவு சில்லில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் அசைந்து படத்தை உருவாக்குகின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்தது அந்தச் சில்லு. விலை குறைந்த மாடல்களில் சில்லு ஒன்றுதான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தை வரிசையாகக் காட்ட ஒரு நிறச்சக்கரம் சுழலும். சிலருடைய கண்ணுக்கு, பார்வையைச் சட்டென்று திருப்பும்போது வெள்ளை ஓரங்களில் வானவில் போல நிறம் சிதறித் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வரும் காட்சிகளில்தான் இது அதிகம் உறுத்தும். நீங்கள் போடப் போவதோ கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லோருக்கும் தெரியாது, தெரிகிறவருக்குத் தலைவலியே வந்துவிடும். 3எல்சிடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் விழுவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் காற்று வடிகட்டி இருக்கும். செம்மண் புழுதி பறக்கும் ஊரில் அதை மாதம் ஒருமுறையாவது கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். செய்யாவிட்டால் மெஷின் சூடேறும், உள்ளே தூசி படியும்.

மூன்றாவது மெஷினைப் பற்றிச் செயலாளரிடம் நிதானமாகப் பேசுங்கள். அவர் ஊர்ப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் பார்க்கிறார். 9,500 லூமன் என்று போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆன்சி என்றோ ஐஎஸ்ஓ 21118 என்றோ இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த முறைப்படியும் அளக்காத எண் அது. பிறகு மெஷினின் அடியிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகைகள் பல 100 வாட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும். இப்போது கடைகளில் வரும் 20 வாட் எல்இடி டியூப் லைட் ஏறக்குறைய 2,000 லூமன் தருகிறது, அதாவது ஒரு வாட்டுக்கு 100 லூமன். 90 வாட் மெஷினின் மின்சாரம் முழுவதும் எல்இடிக்கே போனாலும், அந்தக் கணக்குப்படி 9,000 லூமன்தான் பிறக்கும். அதுவும் பிறந்த இடத்தில். எல்சிடி தகடு, அதன் முன்னும் பின்னும் இருக்கும் ஒளிவடிகட்டிகள், லென்ஸ் எல்லாவற்றையும் தாண்டி வருவதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். 9,500 லூமன் திரைக்கு வந்து சேர வாய்ப்பே இல்லை. லூமன் எண்ணே இப்படி என்றால், அதே தாளில் இருக்கும் இருபது லட்சத்தை எப்படி நம்புவது? இருட்டறையில் சின்ன அளவில் ஒரு குழந்தை கார்ட்டூன் பார்க்க அது போதும். ஊர்கூடிப் பார்க்கும் 120 அங்குலத் திரைக்கு அது பற்றாது.

இரவல் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள், புதியது வந்த பிறகும் இவை உதவும். மெனுவில் படத்தின் முறை டைனமிக், விவிட் என்று இருந்தால் சினிமா என்பதற்கு மாற்றுங்கள். பிரைட்னெஸ் என்ற அமைப்பு பெயருக்கு வெளிச்சமாக இருந்தாலும், உண்மையில் அது ஏற்றி இறக்குவது கறுப்பை. யாராவது அதை ஏற்றி வைத்திருந்தால் கறுப்பு எல்லாம் சாம்பலாகும். நடுவில் கொண்டுவந்து வையுங்கள். அடர்ந்த கறுப்பு வேண்டும் என்று ஒரேயடியாக இறக்கவும் கூடாது. எஸ்.பாலச்சந்தர் 1954இல் எடுத்த ‘அந்த நாள்’ நிழலையும் இருட்டையும் வைத்தே கதை சொன்ன படம். அதில் இருட்டில் நிற்கும் ஆளின் கோட்டு மடிப்பும், சுவரில் விழும் நிழலின் ஓரமும் தெரிந்தால்தான் அந்த உழைப்புக்கு மரியாதை. பிரைட்னெஸ்ஸை இறக்கினால் அவை எல்லாம் ஒரே கறுப்பாக அடைபட்டுப் போகும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பலின் எத்தனை படிகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்பதுதான் பழைய படங்களுக்கு உயிர். இதை எந்தக் கான்ட்ராஸ்ட் எண்ணும் உங்களுக்குச் சொல்லாது.

லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளில் போட்டிருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. வீடியோவில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் குறிக்கும் முறை ஒன்று, 0 முதல் 255 வரை குறிக்கும் முறை இன்னொன்று. லேப்டாப் முதல் முறையில் அனுப்ப, புரொஜெக்டர் இரண்டாவது முறை என்று எடுத்துக்கொண்டால், 16 என்று வந்த கறுப்பை அது கறுப்பாகவே கருதாது, சாம்பலாகக் காட்டும். மெனுவில் எச்டிஎம்ஐ ரேஞ்ச், வீடியோ ரேஞ்ச் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கடைசியாக லென்ஸ். விரல் ரேகையோ புகைப் படலமோ இருந்தால் அது ஒளியைச் சிதறடித்துக் கறுப்பின் மேல் பூசும். கண்ணாடி துடைக்கும் மென்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், வேட்டி முனையால் தேய்க்காதீர்கள்.

கூடத்துக்கு என்ன செய்வது? ஜன்னல்களுக்குத் தடித்த, கருநிறத் திரைச்சீலை முதலில். வாங்கும் மெஷினைவிட அது அதிகம் வேலை செய்யும். திரை இருக்கும் சுவரையும், அதை ஒட்டிய ஐந்தாறு அடிப் பக்கச் சுவர்களையும், முடிந்தால் அதே அளவு கூரையையும் மங்கலான அடர்நிறத்தில் அடியுங்கள். பளபளப்பு இல்லாத பெயிண்டாக இருக்கட்டும். ஆட்கள் நடமாட விளக்கு வேண்டும் என்றால் திரைக்குப் பக்கத்தில் இருப்பவற்றை அணைத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால், திரையை நோக்கி ஒளி வராதபடி மறைத்த ஒரு சின்ன பல்பைப் போடுங்கள். திரையைச் சுற்றி மூன்று நான்கு அங்குல அகலத்தில் கறுப்புத் துணி ஓரம் தையுங்கள், படத்தின் கறுப்பு கண்ணுக்கு இன்னும் அடர்ந்து தெரியும். மாலை வெளிச்சத்திலேயே பாடப் படம் போட வேண்டியிருந்தால் படத்தின் அளவைக் குறையுங்கள். 120 அங்குலத்தை 100 ஆக்கினால் அதே ஒளி குறைந்த பரப்பில் குவிகிறது. முன்பு சொன்ன டியூப் லைட் கணக்கில் 19:1 என்பது 27:1 ஆகும். எழுத்தும் வரைபடமும் படிக்க அது தாராளம்.

கடைக்காரர்களிடம் நேட்டிவ் கான்ட்ராஸ்ட் எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்றாலும், தாளில் இருக்கும் அதே எண்ணைத் திரும்பச் சொன்னாலும், அந்த எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மெஷினை உங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். கடையில் கறுப்படித்த டெமோ அறையில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். இருட்டிய பிறகு, ஒரே படம், ஒரே அளவு, இரண்டு மெஷினிலும் சினிமா முறை. 16 கட்டம் போட்ட கறுப்பு வெள்ளை ஸ்லைடு ஒன்றை லேப்டாப்பில் வரைந்து வைத்துக்கொண்டு அதையும் போட்டுப் பாருங்கள். கறுப்புக் கட்டங்கள் எதில் அடர்ந்து தெரிகின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். கமிட்டியில் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, வானவில் சிதறல் யாருக்காவது உறுத்துகிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. மூன்றாவதை விட்டுவிடுங்கள். முதல் இரண்டில் கூடத்தில் பார்த்து எது பிடிக்கிறதோ அதை வாங்கலாம். வித்தியாசம் தெரியவில்லை, யாருக்காவது வானவில் உறுத்துகிறது என்றால் 3எல்சிடியை எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு என் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது. எதை எடுத்தாலும், வசூலான பணத்தில் திரைச்சீலைக்கும் பெயிண்டுக்கும் ஒரு பகுதியை இப்போதே ஒதுக்கி, அதை வரவு செலவு நோட்டில் தனித் தலைப்பில் எழுதிவிடுங்கள். மெஷின் வந்த பிறகு அதற்குப் பணம் இருக்காது. பில்லையும் வாரண்டி அட்டையையும் உங்கள் பெயரில் வாங்காமல், படிப்பகத்தின் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.